புரோகிராம் முடியும் நேரம்: லைப்ரரிகளிடம் வாங்கியதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது எப்படி

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் மாமா ஒரு ஐஸ் கம்பெனி நடத்துகிறார். ஐஸ் உறையும் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்க, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் சி மொழியில் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி கரண்ட் போனது. யுபிஎஸ் சார்ஜ் இறங்கியதும் அதுவே தகவல் கொடுத்து, பை முறையாக ஷட்டவுன் ஆனது. காலையில் மாமாவிடமிருந்து போன்.

"மாப்ளே, நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரக் கணக்கையே காணோமே. தொட்டி எவ்வளவு சூடேறுச்சுன்னு எப்படிப் பாக்கறது? இப்ப கரண்ட் வந்தும் உன் புரோகிராம் ஓடமாட்டேங்குது."

யாரும் வயரைப் பிடுங்கவில்லை. மெஷின் ஒழுங்காகத்தான் அணைந்தது. அப்புறம் கணக்கு எங்கே போனது? உட்கார்ந்து பார்த்தபோது விடை எளிமையாக இருந்தது. ஃபைலில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஏறத்தாழ 30 பைட். சி மொழியின் ஃபைல் ஃபங்ஷன்கள் எழுதியதை உடனே டிஸ்க்குக்கு அனுப்புவதில்லை, ஒரு பஃபரில் சேர்த்துவைக்கும். லினக்ஸில் அது வழக்கமாக 4096 பைட். 136 வரி சேர்ந்த பிறகுதான் ஒருமுறை வெளியே போகும். நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் இரண்டேகால் மணி நேரம். ஷட்டவுன் ஆகும்போது சிஸ்டம் எல்லா புரோகிராமுக்கும் "சிக்டெர்ம்" என்ற சிக்னலை அனுப்புகிறது. நாம் எதுவும் சொல்லிவைக்கவில்லை என்றால் புரோகிராம் அந்த இடத்திலேயே செத்துப்போகும், பஃபரில் இருந்தது அதோடு போகும். மறுபடி ஓடாததற்குக் காரணம், "நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று அடையாளத்துக்கு வைத்த லாக் ஃபைல் அழிக்கப்படாமல் கிடந்தது.

அந்த புரோகிராமைத் திருத்தியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சி மொழியில் பாயிண்டர் வரை படித்திருந்தால் போதும். உதாரணத்துக்குத் திருத்திய அதே புரோகிராம்தான்: கணக்கைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி, சர்வருக்கு அனுப்ப லிப்கர்ல் (சுருக்கமாக கர்ல்), அமைப்புக் கோப்பைப் படிக்க லிப்எக்ஸ்எம்எல்2, கூடவே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்.

எதை சிஸ்டம் பார்த்துக்கொள்ளும், எதைப் பார்க்காது

"புரோகிராம் முடிந்தால் மெமரியை ஆபரேட்டிங் சிஸ்டமே எடுத்துக்கொள்ளுமே, நான் ஏன் ஃப்ரீ செய்ய வேண்டும்?" புதிதாக வருகிற எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஒரு ப்ராசஸ் முடிந்ததும் அதன் மெமரி முழுவதும் திரும்பப் போய்விடும். திறந்திருந்த ஃபைல்களும் சாக்கெட்டுகளும் மூடப்படும். அதுவரை சரி.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகு மண்டபக்காரர் கூட்டிப் பெருக்கிக்கொள்வார். வாடகைக்கு எடுத்த பாத்திரத்தை அவர் எண்ணிப்பார்த்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார், பக்கத்து வீட்டில் வாங்கிவந்த ஜமுக்காளமும் அவர் பொறுப்பில்லை. அதேபோல சிஸ்டம் தானாகத் திருப்பாதவை உண்டு. பஃபரில் தேங்கி நிற்கும் எழுத்துகள், தற்காலிக ஃபைல்கள், கையால் உருவாக்கிய லாக் ஃபைல், ப்ராசஸ்களுக்கு இடையே பகிரும் ஷேர்டு மெமரி, பழைய சிஸ்டம்-ஃபைவ் வகை செமஃபோர்கள். கடைசி இரண்டும் மெஷினை அணைக்கும்வரை அல்லது நாம் அழிக்கும்வரை அப்படியே இருக்கும். எதிர்முனையில் இருக்கும் சர்வரிடம் "போய்வருகிறேன்" என்று சொல்வதும் நம் வேலைதான்.

மெமரியைத் திருப்புவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இன்று மெயினில் எழுதியதை நாளை வேறொருவர் தன் சர்வருக்குள் ஒரு பகுதியாகச் சேர்த்து, ஒரு நாளில் ஆயிரம் முறை தொடங்கி மூடுவார். அன்றைக்கு "சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்" என்பது செல்லாது.

முதல் படி: யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே

ஒரு தாளை எடுங்கள். புரோகிராமில் எங்கெல்லாம் ஏதாவது வாங்குகிறீர்களோ அதை இடது பக்கமும், அதைத் திருப்பும் ஃபங்ஷனை வலது பக்கமும் எழுதுங்கள். நான் இன்றைக்கும் இதைத் தாளில்தான் செய்கிறேன். வலது பக்கம் காலியாக நிற்கும் வரி எங்கே என்று கண்ணுக்கு உடனே தெரியும்.

மாலாக் கொடுத்தது ஃப்ரீக்குப் போகும். ஆனால் லைப்ரரி கொடுத்ததை நீங்களாக ஃப்ரீக்குக் கொடுக்கக் கூடாது. அந்த லைப்ரரி சொல்லும் ஃபங்ஷனிடம்தான் கொடுக்க வேண்டும். விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் தனக்கென்று தனி ஹீப் (மாலாக் மெமரி எடுத்துத் தரும் இடம்) வைத்திருக்கலாம். ஓரிடத்தில் வாங்கியதை வேறிடத்தில் திருப்பினால் புரோகிராம் விழும். லினக்ஸில் பல நேரம் தற்செயலாக ஓடிவிடும், அதனால்தான் இந்தத் தப்பு நீண்ட நாள் ஒளிந்திருக்கிறது.

எங்கள் பட்டியல் இப்படி இருந்தது. லிப்எக்ஸ்எம்எல்2 படித்த ஆவணத்தை "எக்ஸ்எம்எல் ஃப்ரீ டாக்" திருப்பும். மரம் முழுவதும் ஒரே அடியில் போகும், தனித்தனியாகக் கிளைகளை அழிக்க வேண்டாம். ஆனால் "எக்ஸ்எம்எல் கெட் ப்ராப்" கொடுக்கும் சரம் தனிப் பிரதி. அதை "எக்ஸ்எம்எல் ஃப்ரீ" மூலம் நீங்கள்தான் திருப்ப வேண்டும். லிப்கர்லில் ஹேண்டிலுக்கு "ஈஸி கிளீனப்", ஹெடர் பட்டியலுக்கு "எஸ்-லிஸ்ட் ஃப்ரீ ஆல்". எஸ்கியூலைட்டில் தயார்செய்த ஒவ்வொரு கட்டளைக்கும் "ஃபைனலைஸ்", பிறகு இணைப்புக்கு "க்ளோஸ்".

எஸ்கியூலைட்டில் ஒரு நுட்பம். "எக்ஸெக்" ஃபங்ஷன் பிழை வந்தால் கொடுக்கும் செய்தியை "எஸ்கியூலைட்3 ஃப்ரீ"யிடம் திருப்ப வேண்டும். "எர்ர்-மெசேஜ்" ஃபங்ஷன் கொடுக்கும் செய்தியைத் தொடவே கூடாது, அது லைப்ரரியின் சொந்தம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆவணத்தில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் "திரும்பக் கிடைப்பது யாருடையது" என்ற வரியைத் தேடிப் படியுங்கள். இன்னொன்று, டேட்டாபேஸைத் திறப்பது தோற்றுப்போனாலும் ஹேண்டில் கிடைத்திருக்கும், அதையும் "க்ளோஸ்" செய்தாக வேண்டும். "திறக்கவே இல்லையே, எதை மூடுவது" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இரண்டாம் படி: தலைகீழ் வரிசை

கடைசியில் வாங்கியதை முதலில் திருப்புங்கள். பின்னால் வாங்கியது முன்னால் வாங்கியதன் மேல் சாய்ந்திருக்கும் என்பதுதான் காரணம். எஸ்கியூலைட் இதை உங்களுக்கே சொல்லிவிடும். ஃபைனலைஸ் செய்யாத கட்டளை ஒன்று பாக்கி இருந்தாலும் "க்ளோஸ்" மூட மறுத்து 5 என்ற எண்ணைத் திருப்பும். அதற்கு "பிஸி" என்று பொருள். அந்தத் திரும்பிவரும் எண்ணை நாம் பார்ப்பதே இல்லை என்பதுதான் சிக்கல். பாருங்கள். பிஸி என்று வந்தால் "நெக்ஸ்ட் ஸ்டேட்மெண்ட்" ஃபங்ஷனைக் கூப்பிட்டு எந்தக் கட்டளை பாக்கி என்று கண்டுபிடிக்கலாம். 2012-இல் வந்த "க்ளோஸ் வி2" மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, கடைசிக் கட்டளை முடிந்ததும் தானாக மூடும். மெமரியைத் தானே திருப்பிக்கொள்ளும் (கார்பேஜ் கலெக்ஷன் உள்ள) மொழிகளுக்கு அது வசதி. சி மொழியில் பழகும்போது பழைய "க்ளோஸ்" நல்லது, ஏனென்றால் அது உங்கள் தப்பைக் காட்டிக்கொடுக்கும்.

வரிசையைக் கையாள சி மொழியில் நான் நம்புவது ஒரே வெளியேறும் இடம். ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே எல்லா பாயிண்டரையும் நல் (NULL) ஆக்கிவிடுங்கள். எங்கே தோற்றாலும் "கோட்டோ" போட்டுக் கீழே இருக்கும் ஒரே லேபிளுக்கு வாருங்கள். அங்கே தலைகீழ் வரிசையில் எல்லாவற்றையும் திருப்புங்கள். கோட்டோ கெட்டது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்த ஒரு வேலைக்கு அது நல்லதுதான், லினக்ஸ் கெர்னல் முழுக்க இதே பழக்கம் இருக்கிறது. நல் பாயிண்டரைக் கொடுத்தால் ஃப்ரீ, கர்லின் ஈஸி கிளீனப், எஸ்கியூலைட்டின் ஃபைனலைஸ், க்ளோஸ், எக்ஸ்எம்எல் ஃப்ரீ டாக் எல்லாம் பேசாமல் திரும்பிவிடும். அதனால் பாதியில் தோற்றாலும் அதே கீழ்ப்பகுதி வேலை செய்யும். ஆனால் "எஃப்க்ளோஸ்" அப்படி இல்லை. நல் கொடுத்தால் விழும். அதற்கு மட்டும் ஒரு இஃப் போடுங்கள்.

திருப்பியவுடன் பாயிண்டரை மறுபடி நல் ஆக்குங்கள். ஒரே மெமரியை இரண்டு முறை திருப்புவது, திருப்பாமல் விடுவதைவிட மோசம். விட்டால் கொஞ்சம் மெமரி வீண், இரண்டு முறை திருப்பினால் ஹீப்பே குலைந்து எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் புரோகிராம் சாகும்.

மூன்றாம் படி: பொது மூடல் மெயினின் வேலை

லைப்ரரிகளில் இரண்டு வகை மூடல் உண்டு. ஒன்று, நீங்கள் வாங்கிய ஒரு பொருளைத் திருப்புவது. இன்னொன்று, லைப்ரரி தனக்காக வைத்திருக்கும் பொதுச் சாமான்களைக் காலிசெய்வது. கர்லின் "குளோபல் கிளீனப்", லிப்எக்ஸ்எம்எல்2-இன் "கிளீனப் பார்சர்" இரண்டாம் வகை. புதியவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

"கிளீனப் பார்சர்" என்ற பெயரைப் பார்த்தால், ஒரு ஆவணத்தைப் படித்து முடித்ததும் கூப்பிட வேண்டியது போலத் தோன்றும். அப்படி இல்லை. இந்த ப்ராசஸில் யாருமே இனி எக்ஸ்எம்எல் பக்கம் போக மாட்டார்கள் என்ற பிறகு, ஒரே ஒருமுறை கூப்பிட வேண்டியது அது. வேறொரு த்ரெட்டோ (அதே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலை) ப்ளக்-இன்னோ அந்த நேரத்தில் லைப்ரரியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் புரோகிராம் விழலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. அதனால் நீங்கள் ஒரு சின்ன லைப்ரரி எழுதி, அது உள்ளே லிப்எக்ஸ்எம்எல்2-ஐப் பயன்படுத்தினால், அதற்குள்ளிருந்து இந்த ஃபங்ஷனைக் கூப்பிடாதீர்கள். உங்களைத் தவிர இன்னும் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்த ஒரே இடம் மெயின்.

கர்ல் கொஞ்சம் பொறுமையானது. "குளோபல் இனிட்" எத்தனை முறை கூப்பிட்டீர்களோ அத்தனை முறை "குளோபல் கிளீனப்" கூப்பிட வேண்டும், உள்ளே எண்ணிக்கை வைத்திருக்கிறது. என்றாலும் மெயினின் தொடக்கத்தில், த்ரெட் எதுவும் பிறக்கும் முன் ஒருமுறை இனிட், எல்லா த்ரெட்டும் முடிந்து எல்லா ஹேண்டிலும் திரும்பிய பிறகு ஒருமுறை கிளீனப் என்று வைத்துக்கொள்வதே நிம்மதி.

நான்காம் படி: சிக்னல் வந்தால்

மாமாவின் கணக்கு காணாமல் போனது இந்தப் படி இல்லாததால்தான். சிக்டெர்ம், கண்ட்ரோல்-சி அழுத்தினால் வரும் சிக்இண்ட் இரண்டுக்கும் ஒரு ஹேண்ட்லர், அதாவது சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன், வைக்க வேண்டும்.

ஹேண்ட்லருக்குள் என்ன எழுதுவது? ஒரு கொடியைத் தூக்குவது மட்டும். ஃப்ரீ, ப்ரிண்ட்எஃப், எக்ஸிட், டேட்டாபேஸ் மூடல் எதுவும் அங்கே வேண்டாம். சிக்னல் எந்த நொடியில் வரும் என்று சொல்ல முடியாது. மெயின் மாலாக்கின் நடுவில், ஹீப்பின் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வந்தால், ஹேண்ட்லருக்குள் இருக்கும் ஃப்ரீ அதே பூட்டுக்காகக் காத்து நிற்கும். மெயின் நகர முடியாது, ஹேண்ட்லரும் நகராது. அப்படியே உறைந்துவிடும். கொடிக்கு "வாலடைல் சிக் அட்டாமிக் டி" வகை. த்ரெட்டுகளும் அதைப் பார்க்க வேண்டும் என்றால் சி11-இன் அட்டாமிக் வகை.

முதன்மைச் சுற்று ஒவ்வொரு முறையும் கொடியைப் பார்த்து, தூக்கியிருந்தால் வெளியே வந்து மூடல் பகுதிக்குப் போக வேண்டும். எங்கள் புரோகிராம் நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழிக்கும். சிக்னல் வந்தால் ஸ்லீப் கலையும் என்பது உண்மைதான், ஆனால் கொடியைப் பார்த்துவிட்டு ஸ்லீப்புக்குள் நுழையும் இடைவெளியில் சிக்னல் வந்தால் முழு நிமிடமும் தூங்கிவிடும். ஒரு நொடி, ஒரு நொடியாக அறுபது முறை தூங்குவது எளிய தீர்வு. பழகிய பிறகு "பிபோல்" மாதிரி ஃபங்ஷன்களுக்குப் போகலாம்.

இன்னொரு பொறி நெட்வொர்க்கில் இருக்கிறது. கர்ல் இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரம், நாம் மாற்றாவிட்டால் 300 வினாடி. இணைந்த பிறகு மொத்த வேலைக்கு வரம்பே கிடையாது. லினக்ஸில் புரோகிராம்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்-டி சிக்டெர்ம் அனுப்பி, பொதுவாக 90 வினாடி பார்த்துவிட்டு, உடனே கொல்லும் சிக்கில் என்ற சிக்னலை அனுப்பும். சிக்கில்லைப் பிடிக்க யாராலும் முடியாது. கடலூரில் புயல் மழை என்றால் கரண்டும் நெட்டும் சேர்ந்தேதான் போகும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சர்வரைத் தேடிக்கொண்டு கர்ல் ஐந்து நிமிடம் நின்றால், மூடல் பகுதிக்கு வரும் முன்னே புரோகிராம் கொல்லப்படும். இணைப்புக்கு 10 வினாடி, மொத்தத்துக்கு 20 வினாடி என்று நான் வைத்திருக்கிறேன். ஷட்டவுனில் ஒழுங்காக மூட வேண்டும் என்றால் எந்த வேலையும் எல்லையில்லாமல் காத்திருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: மூடும் பகுதியை எழுதுவது

முதலில் புது வேலை எடுப்பதை நிறுத்துங்கள். பிறகு த்ரெட்டுகளுக்குக் கொடி காட்டி, ஒவ்வொன்றையும் "ஜாயின்" செய்து காத்திருங்கள். இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. த்ரெட் ஒன்று கர்ல் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மெயின் அதைத் திருப்பினால், அடுப்பில் சோறு கொதிக்கும்போதே பாத்திரத்தைக் கடைக்கு அனுப்பியது போலத்தான்.

அதன்பின் டெக்ஸ்ட் ஃபைலை மூடுங்கள், "எஃப்க்ளோஸ்" திருப்பும் விடையைப் பாருங்கள். பஃபரில் இருப்பது அந்த நொடியில்தான் வெளியே போகிறது. டிஸ்க் நிரம்பியிருந்தால் பிழை அப்போதுதான் தெரியும். அப்புறம் எஸ்கியூலைட் கட்டளைகள், இணைப்பு. கர்லின் ஹேண்டில், பிறகு ஹெடர் பட்டியல், எக்ஸ்எம்எல் ஆவணம். இவை எல்லாம் போன பிறகு இரண்டு பொது மூடல்கள். மெயினிலிருந்து ரிட்டர்ன்.

லாக் ஃபைலை நான் அடியோடு மாற்றிவிட்டேன். ஃபைல் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்குப் பதிலாக "எஃப்லாக்" மூலம் அதன் மேல் பூட்டுப் போடுகிறேன். புரோகிராம் எப்படிச் செத்தாலும் கெர்னல் அந்தப் பூட்டை எடுத்துவிடும். ஃபைல் கிடந்தாலும் தொல்லையில்லை. இப்படி, மூடும்போது செய்ய வேண்டிய ஒரு வேலையையே இல்லாமல் ஆக்க முடிந்தால் அதுதான் நல்ல வழி.

"அட்-எக்ஸிட்" பற்றி ஒரு வார்த்தை

மூடல் ஃபங்ஷன்களை "அட்-எக்ஸிட்" என்பதில் பதிந்துவைத்தால் எக்ஸிட் ஆகும்போது தானாக ஓடும். பதிந்ததற்குத் தலைகீழ் வரிசையில் ஓடும், குறைந்தது 32 ஃபங்ஷன்களுக்கு இடம் உண்டு என்று சி தரநிலை உறுதி சொல்கிறது. கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்னலில் செத்தாலோ "அபார்ட்" ஆனாலோ அது ஓடாது. த்ரெட்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். லைப்ரரிகளும் அதே இடத்தில் தங்கள் மூடலைப் பதிந்திருக்கும். 2016-இல் வந்த 1.1.0 பதிப்பிலிருந்து ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி அப்படித்தான் தன்னைத் தானே மூடிக்கொள்கிறது. கர்ல் உள்ளே ஓபன்எஸ்எஸ்எல்லை வைத்துக் கட்டப்பட்டிருந்து, நீங்கள் கர்ல் மூடலை அதற்கு முன்பே அட்-எக்ஸிட்டில் பதிந்திருந்தால், ஓபன்எஸ்எஸ்எல் போன பிறகு உங்கள் மூடல் அதைத் தேடிப்போகும். என் கருத்தில், மெயினின் முடிவில் வெளிப்படையாக எழுதுவதே நல்லது. படிக்கிறவருக்கும் வரிசை கண்ணில் தெரியும்.

சி++ என்றால் ஆர்ஏஐஐ முறையில் டிஸ்ட்ரக்டர்களிடம் விடுங்கள், உலகளாவிய ஆப்ஜெக்ட்டுகளைக் குறையுங்கள். பைத்தானில் "வித்". கோ மொழியில் "ஓஎஸ் எக்ஸிட்" கூப்பிட்டால் "டிஃபர்" செய்தவை ஓடாது, அதை மட்டும் மறக்காதீர்கள்.

சோதிப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் கம்பெனியில் வேலை குறைவு. புதுப் பதிப்பை அங்கே வைத்துச் சோதிக்க அதுதான் எனக்குக் கிடைத்த நேரம்.

மெமரித் தப்புகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரிண்ட் கருவியில் லீக்-செக் முழுமையாக வைத்து ஓட்டுங்கள். "டெஃபினிட்லி லாஸ்ட்" என்று வருவது உண்மையான கசிவு, ஒன்றுகூட இருக்கக் கூடாது. "ஸ்டில் ரீச்சபிள்" என்பது முடியும்போதும் ஏதோ ஒரு பாயிண்டர் பிடித்துக்கொண்டிருந்த மெமரி. பெரும்பாலும் பொது மூடல் கூப்பிடாததால் வருவது. ஆபத்தில்லைதான், ஆனாலும் அதையும் பூஜ்யமாக்கப் பாருங்கள். ஐம்பது வரி சத்தத்துக்கு நடுவே உண்மையான ஒரு வரி தொலைந்துபோகும். ஒருமுறை அட்ரஸ் சானிடைசர் வைத்தும் கம்பைல் செய்து ஓட்டுங்கள். இரண்டு முறை திருப்பியதும், திருப்பிய பிறகு தொட்டதும் அதில் வேகமாக மாட்டும்.

அடுத்து, அமைப்புக் கோப்பின் பெயரைத் தப்பாக மாற்றிவைத்து ஓட்டுங்கள். டேட்டாபேஸ் ஃபோல்டருக்கு எழுதும் உரிமையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு சிக்டெர்ம் அனுப்பி, எத்தனை நொடியில் முடிகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். மூடலின் கடைசியில் "மூடியாயிற்று" என்று ஒரு வரி நிகழ்வுப் பதிவில் எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் அந்த வரி வந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கடைசிச் சோதனை சிக்கில். இங்கே எந்த மூடலும் ஓடாது, ஓடவும் வைக்க முடியாது. யுபிஎஸ்ஸும் கைவிட்டுக் கரண்ட் பட்டென்று போவது இதைவிடக் கடுமை, டிஸ்க்குக்குப் போகாமல் சிஸ்டத்தின் மெமரியில் நின்றதும் அப்போது சேர்ந்து போகலாம். சிக்கில் வந்தால் கமிட் ஆன (உறுதியாகப் பதிவான) கணக்கை எஸ்கியூலைட் காப்பாற்றும், பஃபரில் இருந்த டெக்ஸ்ட் வரிகள் போகும். அதனால் முக்கியமான கணக்கை டேட்டாபேஸுக்கே மாற்றிவிட்டேன். டெக்ஸ்ட் ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் பிறகு "எஃப்ஃப்ளஷ்" போடுகிறேன். நிமிடத்துக்கு ஒரு வரிக்கு அது ஒரு செலவே இல்லை. மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் வால் (WAL) முறையில் எஸ்கியூலைட்டை ஓட்டுகிறீர்கள் என்றால், சிக்கில்லுக்குப் பிறகு டேட்டாபேஸ் பக்கத்தில் "வால்" என்று பெயர் முடியும் ஃபைல் ஒன்று கிடக்கும். ஒழுங்காக மூடினால் கடைசி இணைப்பு அதை முதன்மை ஃபைலில் சேர்த்துவிட்டு அழித்துவிடும், அதனால் மூடல் சரியாக நடந்ததா என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். அதைப் பழைய குப்பை என்று நினைத்துக் கையால் அழித்துவிடாதீர்கள். கமிட் ஆன கணக்கில் ஒரு பகுதி அதற்குள்தான் இருக்கலாம். புரோகிராமை மறுபடி ஓட்டினால் போதும், எஸ்கியூலைட்டே அதை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்.